பனிவண்டி டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எந்தத் தடிமன் பேஸ் கேஸ்கட்?

பழைய பேஸ் கேஸ்கட்டை (கிராங்க்கேஸுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வைக்கும் மெல்லிய அடைப்பு) அளந்து அதே தடிமனில் வாங்கிப் போடாதீர்கள். அது நசுங்கிப்போனது, தவிர கிராங்க்கேஸ் முகத்தையோ சிலிண்டர் அடியையோ சீவியிருந்தால் பழைய கணக்கே செல்லாது.

ஸ்கிடூ பனிவண்டிகளில் வரும் ரோடாக்ஸ் இன்ஜின்கள் பலவற்றுக்கு பேஸ் கேஸ்கட் பல தடிமன்களில் கிடைக்கும், ஓரத்தில் உள்ள துளைகளை எண்ணினால் தடிமன் தெரியும், ஐந்து துளை என்றால் 0.5 மி.மீ. முதலில் ஒன்றைப் போட்டு, பிஸ்டன் தலையில், பிஸ்டன் பின் (பிஸ்டனை கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) போகும் திசையிலேயே இரண்டு பக்கமும் ஈயக்கம்பித் துண்டுகளை கிரீஸ் வைத்து ஒட்டுங்கள் (குறுக்குத் திசையில் வைத்தால் பிஸ்டன் ஆடி அளவு பொய்யாகும்). சிலிண்டரையும் ஹெட்டையும் முழு டார்க்கில் (மேனுவல் சொல்லும் இறுக்கத்தில்) இறுக்கி, கையால் மெதுவாகச் சுற்றி உச்சிப்புள்ளியைத் தாண்ட விடுங்கள். அப்புறம் கழற்றி, கம்பி சிலிண்டர் சுவரை ஒட்டி நசுங்கிய நுனியை அளந்தால் அதுதான் ஸ்க்விஷ் இடைவெளி, அதாவது உச்சியில் பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடம். 0.5 கேஸ்கட்டோடு 1.7 வந்து, மேனுவல் 1.5 கேட்டால், 0.3 போட வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

மெல்லியதாகப் போட்டால் கம்ப்ரஷன் ஏறும், ஆனால் போர்ட்டுகளும் (சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் திறப்புகள்) கீழே இறங்கி மேல் ஆர்பிஎம்மில் இழுவை குறையும். ஸ்க்விஷ் மேனுவலின் குறைந்த அளவுக்குக் கீழே போனால் முழு வேகத்தில் பிஸ்டன் ஹெட்டைத் தட்டலாம், அந்த ஆசையே வேண்டாம்.