ஆடி மாத வருமானத்தை நம்பி ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள்

அலுவலகக் கணக்கு வேலையிலிருந்து தச்சுத் தொழிலுக்குச் சில ஆண்டுகள் எடுத்துப் படிப்படியாக மாறியவன் நான். அது தெரிந்து, மனதுக்குப் பிடித்த தொழிலுக்குப் போக நினைக்கும் இளையவர்கள் திருகோணமலையில் என் பட்டறைக்கு வந்து பேசுகிறார்கள். கேக் செய்பவர், படம் பிடிப்பவர், பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க ஆசைப்படும் வங்கி ஊழியர் என்று பலர். என் காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளை இவர்களும் வரி பிசகாமல் செய்கிறார்கள். செலவைக் குறை, சேமித்து வை என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூன்று மாத வருமானத்தை ஆண்டுக் கணக்காக்குவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். கணக்கியல் படித்தவர்கள்கூட இதைச் செய்கிறார்கள்.

நம் ஊருக்கு உல்லாசப் பயணிகள் வருவது ஏறக்குறைய சித்திரை, வைகாசி முதல் புரட்டாசி வரை. கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகுகள் ஓடும். உப்புவெளியில் அறை கிடைப்பதே பாடாகிவிடும். ஐப்பசியில் காற்றுத் திரும்பினால் கடல் கொந்தளிக்கும், மழை இறங்கும், தை வரை கரை வெறிச்சோடிவிடும். இங்கே பிறந்து வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தன் வருமானத்தைக் கணக்குப் பார்க்கும்போது மட்டும் மாரி மறந்துபோகிறது.

நிதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த தம்பி ஒருவர், சனி ஞாயிறுகளில் வெளிநாட்டவரைப் புறாமலைக்கு அழைத்துப்போய்ப் பவளப்பாறைகளைக் காட்டுவார். ஆமை எந்தப் பக்கம் வரும், சுறாக்குட்டிகள் எவ்வளவு ஆழத்தில் சுற்றும் என்று படகில் இருந்தபடியே சொல்லிவிடுவார். ஆடி மாதத்தில் வார இறுதிகளில் மட்டும் கிடைத்த பணம் அவருடைய சம்பளத்தைத் தாண்டியது. “அண்ணா, இரண்டு நாளில் இவ்வளவு என்றால் கிழமை முழுக்கச் செய்தால் எவ்வளவு வரும்?” என்று கேட்டார். மாரிக்கு என்ன வழி என்று கேட்டேன். “அதற்குள் சேர்த்துவிடலாம்” என்றார். ஆவணியில் வேலையை விட்டார். ஐப்பசியில் படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். மார்கழியில் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. தை பிறந்ததும், முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேறோர் அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கே சனிக்கிழமையும் வேலை. அடுத்த பருவத்தில் அவரால் கடலுக்கே போக முடியவில்லை. அப்படிப்பட்ட திறமைசாலியை ஒரு பிழையான பெருக்கல் அல்லவா கரையில் உட்கார வைத்தது? அதே கணக்கோடு இன்னொருவர் வந்து நின்றால் என்னால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

“நான் உல்லாசப் பயணிகளை நம்பியில்லையே” என்பவர்களும் நன்றாக யோசிக்க வேண்டும். என் பட்டறையும் அந்தப் பருவத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது. விடுதிக்காரர்கள் கட்டில், நாற்காலி, கதவுத் திருத்தம் எல்லாவற்றையும் தையிலிருந்து பங்குனிக்குள் கேட்பார்கள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஓடர் வருவது அரிது. கார்த்திகையில் ஓடர் வந்தாலும் வேலை நகராது. அடித்த வார்னிஷ் மறுநாளும் விரலில் ஒட்டும். லாக்கர் பூச்சு அடித்தால் ஈரக்காற்றில் வெண்மை படர்ந்துவிடும். அளவாக இழைத்து வைத்த கதவு ஊதிப்போய் நிலைக்குள் இறங்க மறுக்கும். வெயிலில் ஒரு கிழமையில் முடிகிற கட்டில் மாரியில் மாதக்கணக்கில் இழுபடும். பணமும் அதுவரை வராது.

பருவமே கைவிட்ட ஆண்டுகளும் உண்டு. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்தது 2019 ஏப்ரல் 21, நம் கரையில் பருவம் தொடங்கும் நேரம். அடுத்த ஆண்டு கொரோனா. 2022இல் எரிபொருள் வரிசை.

ஆகவே, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே புதிய தொழிலோடு ஒரு முழு மாரியைக் கடந்து பாருங்கள். வந்ததையும் போனதையும் மாதவாரியாகக் கொப்பியில் எழுதுங்கள். ஆகக் குறைந்த மூன்று மாதங்களை எடுத்து, அந்த வருமானத்தில் அடுப்பெரியுமா என்று பாருங்கள். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் கையில் சேர்ந்த பிறகுதான் வேலையை விடுவது பற்றிப் பேச வேண்டும்.

பணிக்கொடைக்கு முன்பே வெளியேறுவது

1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டுகள் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதத் தொகை கிடைக்கும். மேலதிகாரியோடு மனக்கசப்பு என்று நான்கே முக்கால் ஆண்டில் வெளியேறிய பிள்ளை ஒருவரைத் தெரியும். மூன்று மாதம் பல்லைக் கடித்திருந்தால் அவருடைய தையல் இயந்திரத்துக்குக் கடன் தேவைப்பட்டிருக்காது.

ஊழியர் சேமலாப நிதியையும் நினைவில் வையுங்கள். சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம். வேலையை விட்ட மாதத்தோடு இரண்டும் நின்றுவிடும். இனி அந்த 20 வீதத்தை நீங்களே ஒதுக்க வேண்டும். சேர்ந்திருக்கும் பணத்தை முதலாக்கலாம் என்ற எண்ணமும் சரிவராது. பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில்தான் அது கைக்கு வரும்.

ஓடருக்கு முன் இயந்திரம்

லீசிங் தவணைக்கு மாரி, கோடை தெரியாது. வாடகைக்கு எடுங்கள், இரவல் வாங்குங்கள். இயந்திரம் இல்லாமல் ஓடரைத் திருப்பி அனுப்பும் நிலை அடிக்கடி வந்தால் அப்போது வாங்கலாம்.

உறவினரின் பாராட்டை நம்புவது

காசு கொடுத்து, இரண்டாம் முறையும் தேடி வந்த அந்நியர்களை மட்டும் எண்ணுங்கள்.

சான்றிதழுக்காக வேலையை விடுவது

தேவையில்லை. கைவேலை ஏற்கெனவே தெரிந்தவர்கள், முழுப் பாடநெறிக்குப் போகாமல், முன்கற்றலை மதிப்பிடும் முறையிலேயே பல தொழில்களுக்குத் தேசிய தொழில் தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் பெறலாம். செய்த வேலைகளின் படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

வீட்டுக்கு மறைப்பது

கூடவே கூடாது.

மாதம் பார்க்காமல் கடிதம் கொடுப்பது

பணிக்கொடை உறுதியாகி, மாரிக் கணக்கும் சரிவந்த பிறகும் ஆவணி, புரட்டாசியில் விலகாதீர்கள். கைநிறையப் பணம் இருக்கும் அந்த நேரத்தில்தான் எல்லோருக்கும் துணிச்சல் வருகிறது. உங்கள் தொழில் இந்தக் கரையின் பருவத்தோடு ஓடுவதென்றால் தை மாதத்தில் கடிதம் கொடுங்கள். அறிவித்தல் காலம் முடிந்து நீங்கள் வெளியே வரும்போது விடுதிக்காரர்கள் ஆட்களைத் தேடத் தொடங்கியிருப்பார்கள். அடுத்த மாரிக்கு ஒதுக்கிவைக்க ஏழெட்டு மாதம் முழுதாகக் கையில் இருக்கும்.