பேண்ட்சாவை ஒரே இடத்தில் நிற்க வைத்த கதை

கார் ஷெட்டில்தான் என் மரவேலை எல்லாம். காலையில் கார் வெளியே போனதும் பேண்ட்சா, அதாவது பட்டை மாதிரி பிளேடு சுற்றி ஓடி மரம் அறுக்கும் மெஷின், நடுவுக்கு வரும், ராத்திரி சுவரோரம் போய்விடும். அதற்காக ஆங்கிள் இரும்பில் ஒரு பிரேம் அடித்து, நாலு மூலைக்கும் பிரேக் வைத்த காஸ்டர் (எந்தப் பக்கமும் திரும்பும் சின்னச் சக்கரம்) போட்டு, மெஷினைச் சும்மா தூக்கி வைத்திருந்தேன், 100 கிலோவுக்கு மேல் இருக்கிறதே, எங்கே போய்விடும் என்ற தைரியம்.

ஒருநாள் தேக்குக் கட்டையைத் தள்ளினால் மெஷினும் கூடவே நகர்கிறது! நல்லவேளை, கை பிளேடுக்குப் பக்கத்தில் இல்லை. அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். பிரேக் எல்லாம் போட்டபடியே இருக்கிறது. சக்கரம் உருளவில்லை, ஆனால் அதன் கழுத்து திரும்புகிறது. நான் வாங்கிய காஸ்டரில் பிரேக் உருளுவதை மட்டும்தான் பிடிக்கும்.

சரி என்று முதலில் மெஷினின் அடியிலிருந்த நாலு ஓட்டையிலும் போல்ட் விட்டு, வாஷர், அதிர்வில் எளிதில் கழலாத நைலாக் நட் போட்டு பிரேமோடு இறுக்கினேன். அப்புறம் வலப்பக்கம் இரண்டையும் திரும்பாத சக்கரமாக மாற்றினேன், மரம் தள்ளும் திசைக்குக் குறுக்காக. இடப்பக்க மூலைகளில் நட் வெல்டு வைத்து, ரப்பர் பாதம் மாட்டிய எம்12 (12 மி.மீ.) போல்ட்டை இறக்கினேன். ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ. இறங்கும், நாலைந்து சுற்றில் அந்தப் பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும். தண்ணீர் ஓட ஷெட் தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள், அதனால் இரண்டு போல்ட்டையும் தனித்தனியாகத் திருகி ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

தள்ளும்போது மட்டும் மேல்பகுதியில் கை வைப்பதில்லை, பேண்ட்சாவுக்குத் தலைக்கனம் அதிகம்.