இரண்டு சம்பளம், ஒரு வீடு: ஊர் பிரிவதைச் சதுரங்கப் பலகையில் பார்ப்பது எப்படி?

வசதியுள்ளவர் ஒரு பக்கம், இல்லாதவர் ஒரு பக்கம் என்று ஊர் பிரிவதற்கு வெறுப்புதான் காரணம் என்று என் மாணவர்கள் சொல்வதுண்டு. வெறுப்பும் உண்டுதான். ஆனால் அது துளியும் இல்லாமலே ஊர் பிரியும். ஒரு சதுரங்கப் பலகை இருந்தால் நீங்களே பார்க்கலாம்.

64 கட்டங்களும் வீட்டு மனைகள். இடமிருந்து 2, கீழிருந்து 2 என்ற கட்டத்தில் ஒரு வேலையிடம். இடமிருந்து 6, கீழிருந்து 5-இல் இன்னொன்று. மூலைவாட்டில் போகக்கூடாது. வேலைக்கு 4 கட்டத்துக்கு மேல் யாரும் போகமாட்டார்கள்.

முதல் வேலையிடத்தை நம்பி ஒரே சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு எத்தனை கட்டம் தோதுப்படும்? எண்ணுங்கள், 24 வரும். இப்போது இன்னொரு குடும்பம்: கணவருக்கு முதல் வேலையிடம், மனைவிக்கு இரண்டாவது. இருவருக்கும் தோதானவை வெறும் 8, நடுவே சாய்வான ஒரு பட்டை. அந்த எட்டும் முதல் குடும்பத்தின் 24-க்குள்ளேயே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். சிக்கலே அங்குதான்.

சரி, இரட்டைச் சம்பளக் குடும்பங்களுக்கு 8 வெள்ளைக் காய், ஒற்றைச் சம்பளத்துக்கு 8 கறுப்புக் காய். வாடகை கூடுதலாகத் தரக்கூடியவருக்கே இடம் என்று விதி வையுங்கள். பட்டை முழுக்க வெள்ளையாகிவிடும். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயும் வெளியேதான் போயாக வேண்டும். அண்டை வீட்டார் பற்றிய லேசான விருப்பமே பெரும் பிரிவினையில் முடியும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971-இல் காட்டினார். இங்கே அந்த விருப்பம்கூடத் தேவைப்படவில்லை.

பிரிவினையை அளப்பதற்கு, அமெரிக்கச் சமூகவியலாளர்களான டங்கன் இணையர் 1955-இல் விளக்கிய குறியெண் போதும். பட்டைக்குள் வெள்ளையில் எத்தனை பங்கு, கறுப்பில் எத்தனை பங்கு என்று பார்த்து வித்தியாசத்தை எடுங்கள். வெளியேயும் அப்படியே. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். பட்டையில் 6 வெள்ளை, 2 கறுப்பு என்றால் 0.5. முழுதும் வெள்ளை என்றால் 1, அதாவது முழுப் பிரிவினை.

மனைவியின் வேலையை எடுத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கும் 24 கட்டம் திறக்கும். பல வீடுகளில் நடப்பது இதுதான். இதை நான் தீர்வாக ஏற்கமாட்டேன்.

அப்புறம், பயண வரம்பை 5 ஆக்குங்கள், நல்ல பேருந்து ஒன்று வந்ததைப் போல. 8 கட்டம் 20 ஆகும். காய்களை மறுபடி வைத்துக் குறியெண்ணைப் போட்டுப் பாருங்கள்.