இளைஞர் நீதிக் குழுமத்தில் பெற்றோர் செய்யும் தவறுகள்

பையனைப் போலீஸ் அழைத்துச் சென்றுவிட்டது என்று தெரிந்ததும் பல வீடுகளில் பணத்தைப் புரட்டத்தான் ஓடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது அவனுடைய பள்ளிச் சான்றிதழை. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் அவனுக்கு 18 வயது நிறையவில்லை என்றால், வழக்கு போகும் இடமே வேறு: வழக்கமான நீதிமன்றம் இல்லை, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அடுத்தது உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்றிதழ். இவை எதுவும் கிடைக்காதபோதுதான் எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கணிக்கும் மருத்துவப் பரிசோதனை. இந்த வரிசையில் ஆதார் அட்டை இல்லை.

லாக்கப்பில் வைத்திருந்தால் வாய் மூடி நிற்காதீர்கள். சிறுவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, கைவிலங்கு பூட்டக் கூடாது, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும்.

குழுமத்தில் இருப்பவர்கள் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும். உயர்ந்த மேடை, சாட்சிக் கூண்டு எதுவும் அங்கே இருக்கக் கூடாது என்பது விதி. அதைப் பார்த்துவிட்டு, "இது சும்மா விசாரணை, ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார்கள்" என்று பையனுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. செய்யாததை ஒத்துக்கொள்ளச் சொல்வது பெரும் அநியாயம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார். அவரிடம் பேசாமல் எதையும் சொல்ல வைக்காதீர்கள்.

என்னை மிகவும் வருத்துவது, பையனின் வீட்டு நிலையை விசாரித்துக் குழுமத்துக்குச் சொல்லும் நன்னடத்தை அலுவலரிடம் உண்மையை மறைப்பதுதான். ஒரு தாயின் அருகில் உட்கார்ந்திருந்தேன். அலுவலர் எதைக் கேட்டாலும், "தங்கமான பையன் சார், ஒரு குறையும் இல்லை" என்றார். புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். அப்பாவின் குடி, பையன் இரண்டு மாதமாகப் பள்ளிக்குப் போகாமல் லாரிப் பட்டறையில் நின்றது எல்லாம் பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த அலுவலர் எழுதும் சமூக விசாரணை அறிக்கையை வைத்துத்தான் ஆலோசனையா, நன்னடத்தைக் கண்காணிப்பா, சிறப்பு இல்லமா என்று குழுமம் முடிவு செய்கிறது. சிறப்பு இல்லம் என்றால், வீட்டைவிட்டு அந்த விடுதியில் தங்க வேண்டிய காலம் மூன்று ஆண்டு வரை போகலாம். வீட்டு அவமானத்தை மறைத்தால் பையனுக்குக் கிடைக்க வேண்டிய உதவியும் சேர்ந்தே மறைந்துபோகும்.

ஜாமீன் கிடைத்தபின் வாய்தாவுக்குப் போகாமல் இருப்பதும் தவறு. 16 வயதைத் தாண்டியவன்மீது கொடுங்குற்றம் (குறைந்தது ஏழு ஆண்டு சிறைக்கு உரிய குற்றம்) சாட்டப்பட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவனுடைய மன, உடல் முதிர்ச்சியைக் குழுமம் எடைபோடும் பூர்வாங்க மதிப்பீட்டுக்குப் பிறகு, வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாறலாம்; அங்கே அவனைப் பெரியவனைப் போல விசாரிக்கவும் கூடும்.

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அவன் படத்தைப் பகிர்வதை உடனே நிறுத்துங்கள். அடையாளத்தை வெளியிடுவது ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம்.

இன்னொன்று, அவசரப்பட்டுப் பள்ளியில் டி.சி. வாங்கிவிடாதீர்கள். குழுமத்தின் முடிவு பாதகமாக வந்தாலும், அதைக் காட்டி அவனைத் தகுதியற்றவன் என்று ஒதுக்கச் சட்டம் இடம் தரவில்லை. திங்கட்கிழமை அவன் பெஞ்சு அவனுக்காகக் காலியாக இருக்கட்டும்.