அடம்பா, தாளியா? கடல்மணல் கொடிகளை இனம் பிரிப்பது

பரமக்குடியில் வேலியோரம் தாளிக்கீரை பறித்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி ராமேஸ்வரம் வழியிலுள்ள கடலோர ஊரான மண்டபம் பக்கம் வந்த முதல் ஆடியில், கச்சான் காற்று அள்ளிவந்த மணல் அடுப்படி வாசல்வரை ஏறிவிட்டது. மணலைப் பிடித்து நிறுத்த அடப்பங்கொடி, அதாவது அடம்பு, வைக்க வேண்டும் என்று அத்தை சொன்னார். ஐப்பசி மழையில் அம்மா வீட்டுக்குப் போனபோது, வேலியில் அடம்புப் பூ மாதிரியே இளஞ்சிவப்பில் புனல் வடிவப் பூ தெரிந்தது. இரண்டும் ஒரே கொடிதான் என்று நினைத்து ஒரு சாக்கு நிறைய அறுத்து வந்து நட்டேன். பங்குனிக்குள் ஒன்று விடாமல் கருகிப்போயிற்று.

அத்தை காய்ந்த கொடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஆத்தா, இது தாளி. வேலிக்கொடி. உப்புமணல் இதுக்குத் தாங்காது" என்றார். அப்புறம் கரைக்குக் கூட்டிப்போய் ஒரு அடம்பு இலையைக் கிள்ளி, நடுநரம்போடு மடித்து என் உள்ளங்கையில் வைத்தார். தோல் மாதிரித் தடிப்பு. விரித்தால் நுனியில் பிளவு, இரண்டு பக்கமும் உருண்டை, அப்படியே ஆட்டுக் குளம்பு. சங்கப் புலவர் இதை மானின் அடி என்றார், லத்தீன் பெயருக்கும் ஆட்டுக்கால் என்றுதான் பொருள். கிள்ளிய காம்பில் பால் சொட்டியது. ஆனால் பாலை வைத்து முடிவு செய்யாதீர்கள். தாளிக்கும் பால் வரும். அடம்பு, தாளி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் ஐப்போமியா என்ற ஒரே பேரினத்து அக்கா தங்கைகள்.

அதனால் பூவைப் பார்த்து ஏமாறாமல் முதலில் இலையைப் பாருங்கள். தாளி இலை மெல்லியது, இதய வடிவம், நுனி கூர். இளம் இலையில் நடுநரம்பை ஒட்டி ஊதாக் கறை படிந்திருக்கும். கொடி எதையாவது சுற்றி மேலே ஏறப் பார்க்கும். அடம்பு ஏறாது. மணல்மேல் படுத்து ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும். கொடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். கணுவில் மணலைக் கவ்விப் பிடித்து இழுத்தால் அது அடம்புதான். ஒரே ஒரு இலையை நம்ப வேண்டாம், இளங்கன்றில் பிளவு சரியாகத் தெரியாது. முற்றிய இலை நாலைந்தைப் பாருங்கள்.

சிறுதாளி என்று இன்னொரு கொடி உண்டு, அதற்கும் இதய இலைதான். பூ வெளிர்மஞ்சள், தொண்டைக்குழி மட்டும் கருஊதா. ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்தது புலிச்சுவடி. இலை ஐந்தாகவும் ஏழாகவும் பிரிந்து, மணலில் பதிந்த புலியின் கால்தடம் போலவே இருக்கும். கொடி முழுக்கச் சொரசொரவென்று முடி. இதைத் தேடிக் காலையில் போகாதீர்கள், பூ சாயங்காலம்தான் விரியும். அடம்புக்கு நேர்மாறு. அது விடியலில் விரிந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். கையில் கடிகாரம் இருந்தால் இந்த இரண்டையும் குழப்பவே முடியாது.

குழப்புவது வெள்ளை அடம்பு. அதுவும் படர்ந்தே ஓடும், இலையும் தடிப்பு, நுனியில் சின்னப் பிளவுகூட உண்டு. ஆனால் இலை சிறியது. ஒரே கொடியில் ஓர் இலை நீளமாக, இன்னொன்று பிளந்து, மற்றொன்று மூன்று மடலாக இருக்கும். தண்டு பாதி மணலுக்குள் புதைந்து கிடக்கும். பூ வெள்ளை, உள்ளே மஞ்சள். நடுவதற்கு எடுத்தீர்களானால் குழம்பினாலும் நஷ்டமில்லை, இரண்டும் மணலைப் பிடிக்கும். குளத்தோரம் செடியாக நிமிர்ந்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை மட்டும் தொடாதீர்கள். அதே இளஞ்சிவப்புப் பூதான், ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, ஆடு தின்றால் விஷம்.

சரி, அடம்பு என்று உறுதியானதும் ஓடும் கொடியில் வேர்விட்ட கணு குறைந்தது மூன்று இருக்கும்படி வெட்டுங்கள். மழை தொடங்கிய பிறகு, இரண்டு கணு மணலுக்குள், நுனி வெளியே இருக்கும்படி படுக்கவைத்து மூடுங்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் பிடுங்காதீர்கள், அங்கே மணல் திறந்துவிடும். விதையாகவும் போடலாம். உருண்டைக் காய்க்குள் நாலு விதை இருக்கும், பழுப்புப் பஞ்சு போர்த்திய மாதிரி. கடலில் மிதந்து வந்து ஒதுங்கியதும் முளைக்கும். தோல் கடினம் என்பதால் சிமெண்டுத் தரையில் உள்வெள்ளை தெரியும்வரை ஒரு பக்கம் தேய்த்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

இரண்டாம் வருஷம் அப்படி நட்ட கொடிதான் இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பின்புறம் கிடக்கிறது. அது பிடித்த மேட்டில் ராவணன் மீசை என்கிற கடற்கரை முள்புல்லும் தானாக வந்து சேர்ந்துவிட்டது.