வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் சென்னையில் வீடு வாங்குமுன்

கொழும்பு, கோலாலம்பூர், டொரண்டோ எனப் பல இடங்களிலிருந்து வந்து வளசரவாக்கத்திலும் தாம்பரத்திலும் வாடகைக்குக் குடியேறும் தமிழர்கள், இது நம் மக்கள் வாழும் ஊர் என்ற உரிமையுணர்வில், சில மாதங்களிலேயே சொந்த வீடு பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். அந்த உணர்வில் பிழையேதுமில்லை. ஆனால் சட்டம் பார்ப்பது கடவுச்சீட்டைத்தான்.

இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு வழங்கும் ஓசிஐ அட்டை உள்ளவர்கள் தனி அனுமதியின்றி வீடோ வணிகக் கட்டடமோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க முடியாது. செங்கல்பட்டுப் பக்கம் விற்கப்படும் பண்ணை மனைகளைக் காட்டும் தரகர்கள் இதைச் சொல்வதில்லை. ஓசிஐ இல்லாத இலங்கைக் குடிமக்கள், இங்கேயே வசித்துவந்தாலும், ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி இல்லாமல் எந்த அசையாச் சொத்தையும் வாங்க இயலாது. ஐந்தாண்டுகளுக்கு மேற்படாத குத்தகை மட்டுமே அவர்களுக்கு உண்டு.

இந்த இடத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். "என் பெயரில் வாங்கிப் போடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சென்னையில் உள்ள உறவினரோ நண்பரோ அன்போடு சொல்வார். ஒருவர் பணம் கொடுத்து, தன் நலனுக்காக, இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவது 1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டத்தின்கீழ் குற்றம். 2016இல் திருத்தப்பட்ட பிறகு, சொத்து பறிமுதலாவதோடு, ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனையும், சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கப்படலாம். பெயர் கொடுத்தவருக்கும் அதே தண்டனைதான் என்பதை நினைத்துப் பாருங்கள்: உதவ முன்வந்த மனிதரை, அவருடைய பிள்ளைகள் முன்னிலையில் குற்றவாளியாக்கும் உதவியை நாம் ஏற்கலாகாது. அவர் காலமானால் வாரிசுகள் உரிமை கோருவார்கள். பணம் கொடுத்ததைச் சொல்லி நீதிமன்றத்தில் சொத்தை மீட்கவும் அச்சட்டம் இடம் தராது.

அடுத்தது ரொக்கம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் எழுதி, மீதியைக் கையில் கேட்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சொத்துக் கிரயத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்ற செலவை மிச்சப்படுத்தத்தான் பலர் இதற்கு இணங்குகிறார்கள். அது அரசுக்குச் சேரவேண்டிய பணம் என்பது ஒருபுறமிருக்க, பின்னாளில் வீட்டை விற்கும்போது, கணக்கில் வராத அந்தத் தொகை முழுவதும் இலாபமாகக் காட்டப்பட்டு வரிக்குள்ளாகும். விற்ற பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவும் வங்கிச் சான்று இராது. எனவே பணம் முழுவதும் வங்கி வழியாகவே செல்லட்டும்.

பட்டாவும் (வருவாய்த்துறை தரும் நில ஆவணம்) முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றும் (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் ஆகியவற்றின் விவரம்) மூலப்பத்திரமும் சரியாக இருப்பதோடு நிறுத்திவிடாமல், அந்த நிலம் முன்பு யாருடையது, என்னவாக இருந்தது என்றும் விசாரியுங்கள். பிரித்தானிய அரசு 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் பிறர் கைக்குப் போகலாகாது என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்டவை. அவற்றில் பல கைமாறிக் கிடக்கின்றன. கோயில் நிலமும் ஏரிக்கென விடப்பட்ட அரசு நிலமான ஏரிப் புறம்போக்கும் அப்படியே. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சார் தலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன; மழைநீர் போகும் வழியை அடைத்துக் கட்டிய வீட்டை வாங்கினால், பக்கத்துத் தெருவில் தண்ணீர் புகுவதில் நமக்கும் பங்குண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தால் நிலத்தின் வகை தெரியும். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதலையும், புதிய அடுக்குமாடியானால் வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையமான ரேராவில் செய்த பதிவையும், அடுக்குமாடி நிற்கும் நிலத்தில் உங்கள் வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கின் அளவையும் சரிபாருங்கள். விற்பவர் அனுப்பிவைக்கும் வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே ஒருவரை அமர்த்துங்கள்.

ரிசர்வ் வங்கியின் அனுமதி கிடைக்காதவர்கள், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்துகொண்டு குடியிருப்பதே நல்லது.