எஸ்பிரெஸோவுக்குக் கையால் அரைப்பது எப்படி: வடசென்னை வீட்டுக்கு ஒரு செய்முறை

எஸ்பிரெஸோ மிஷின் வாங்கியாயிற்று. மின்சார கிரைண்டர் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கை கிரைண்டர் போதுமா? போதும். மோட்டாருக்குப் போகிற காசு இதில் கொட்டையை அரைக்கும் பல்லுக்குப் போவதால், அதே விலை மின்சார கிரைண்டரைவிடத் தூள் பெரும்பாலும் நன்றாகவே விழும். பதிலுக்கு உங்கள் கை உழைக்க வேண்டும்.

காசு போடுமுன் மிஷினோடு வந்த பாஸ்கெட்டை, அதாவது தூள் போடும் துளைக்கிண்ணத்தை, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரே ஒரு துளை இருந்தால் அது பிரஷரைஸ்டு பாஸ்கெட். அரவை எப்படியிருந்தாலும் அது நுரை தள்ளிவிடும். கை கிரைண்டர் அங்கே பெரிதாக ஒன்றும் செய்யாது. அடி முழுக்கப் பொடித்துளை உள்ள பாஸ்கெட்டை முதலில் வாங்குங்கள்.

நம் வீட்டுப் பில்டரில் டிகாக்‌ஷன் தன் பாட்டுக்குச் சொட்டும். எஸ்பிரெஸோவில் ஏறத்தாழ 9 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு) அழுத்தத்தில் வெந்நீர் தூளைத் துளைத்து வருகிறது. அதற்கு அணை போடுவது தூளின் நுணுக்கம்தான். கொஞ்சம் கரகரப்பானால் பத்து நொடியில் பாய்ந்துவிடும். கொஞ்சம் மாவானால் சொட்டுகூட இறங்காது. கடையில் சிக்கரி கலந்து அரைத்த தூள் இங்கே ஒத்துவராததற்கும் இதுவே காரணம்: அந்த அரவையை இனி மாற்ற முடியாது.

எதை வாங்குவது

பெட்டியில் ‘எஸ்பிரெஸோ’ என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். அரவையை மாற்றும் டயலை ஒரு கிளிக் திருப்பினால் பல் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ஒன்ஸீபிரெஸோ ஜே-அல்ட்ராவில் 8 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கிங்கிரைண்டர் கே6-இல் 16 மைக்ரான். கமாண்டன்டே சி40-இல் சுமார் 30. ரெட் கிளிக்ஸ் என்ற உதிரியைப் போட்டால் அது பாதியாகும். 20-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. அதற்கு மேலே போனால் ஒரு கிளிக்கில் பாய்கிறது, அடுத்த கிளிக்கில் அடைக்கிறது, நடுவில் நிற்க இடமில்லை.

கூடவே 0.1 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று. நகை எடை போடும் பாக்கெட் தராசு போதும். சவுக்கார்பேட்டை, பாரிமுனை பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

பூஜ்யம் பிடித்தல்

கொட்டை போடாமல், டயலை நுணுக்கும் பக்கமாக மெல்லத் திருப்புங்கள். எந்தப் பக்கம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். கைப்பிடி தானாகச் சுழலாமல் பிடித்து நிற்கும் இடம்தான் பூஜ்யம். அதற்கு மேல் முறுக்காதீர்கள். அங்கிருந்து வெளியே எண்ணிக்கொண்டு வந்து, கையேடு எஸ்பிரெஸோவுக்குச் சொல்லும் எல்லையின் நடுவில் நிறுத்துங்கள். அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வீட்டில் யாராவது டயலைத் திருப்பி விளையாடுவார்கள், கட்டாயம்.

கொட்டை

வறுத்த தேதி போட்ட பாக்கெட்டாகப் பாருங்கள். சிக்மகளூர், குடகு, ஏற்காடு எதுவானாலும் சரி, ஆரம்பத்தில் மிதமான வறுவலாக வாங்குங்கள். இளம் வறுவல் கொட்டை கல் மாதிரி இருக்கும்; புதுக்கைக்குத் தண்டனை. வறுத்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தொடங்கினால் உள்ளே தங்கிய வாயு கொஞ்சம் வெளியேறியிருக்கும், ஷாட் (ஒருமுறை இறக்கும் எஸ்பிரெஸோ) அடங்கி வரும். வழக்கமாகப் பில்டர் தூள் வாங்கும் கடையிலேயே “அரைக்காம, சிக்கரி போடாம, கொட்டையாவே குடுங்கண்ணே” என்று கேட்டுப் பீபெரி (உருண்டையான ஒற்றைக் கொட்டை) வாங்கிப் பார்ப்பதும் நல்ல தொடக்கம்தான்.

250 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று வீட்டுக்குள்தான் குடியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடியே கசியும். பாக்கெட்டை இறுக்கி மூடி, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். பிரிட்ஜில் வைத்து தினம் எடுத்து எடுத்துத் திறப்பது மோசம், குளிர்ந்த கொட்டைமேல் ஈரம் படியும்.

அரைத்தல்

18 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். ஏசி அறையில் அரைப்பவர்கள் ஒரு ஸ்பூன் காம்பைத் தண்ணீரில் நனைத்துக் கொட்டையை ஒரு கிளறு கிளறினால், தூள் நிலைமின்னேற்றத்தால் கிண்ணத்தில் ஒட்டுவது குறையும். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்தது. ஆனால் ஜன்னல் திறந்த தண்டையார்பேட்டைச் சமையலறையில் காற்றே போதிய ஈரத்தோடு இருக்கும்; பல நாள் இந்த வேலையே தேவைப்படாது.

இனிக் கை. பலரும் கிரைண்டரை மேஜைமேல் நட்டுக்குத்தலாக நிறுத்தி மணிக்கட்டால் சுற்றுகிறார்கள். இரண்டு நாளில் மணிக்கட்டு வலிக்கும், கிரைண்டர் எலிக்குஞ்சு போல நழுவும். நின்றுகொண்டு, கிரைண்டரைச் சாய்வாகப் பிடித்து வயிற்றோரம் அணையுங்கள். மணிக்கட்டை வளைக்காமல் தோளிலிருந்து சுற்றுங்கள். சாய்த்தால் கொட்டை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பல்லுக்குள் இறங்கும். நேரம் சற்றுக் கூடினாலும் சிக்கிச் சிக்கி நிற்காது. எஸ்பிரெஸோ அரவைக்கு ஒரு நிமிடம் போல ஆகும். சத்தம் அடங்கி, கைப்பிடி லேசானால் முடிந்தது.

மணலி, எண்ணூர் பக்கம் முதல் ஷிப்டுக்கு இருட்டில் எழுகிறவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு: மிக்ஸி போல வீட்டையே எழுப்பாது. கரண்ட் போனாலும் அரைக்கலாம். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் இந்தப் பக்கம் எத்தனையோ தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கையால் அழுத்தும் பிளேர், பிகோபிரெஸோ மாதிரிக் கருவி வைத்திருப்பவர்களுக்கு அப்படிப்பட்ட நாளிலும் கேஸ் அடுப்பு வெந்நீர் இருந்தால் காபி உண்டு.

போடுவது

தூளை பாஸ்கெட்டில் கொட்டி, கட்டிகளை உடையுங்கள். கார்க்கில் நாலைந்து மெல்லிய ஊசி குத்தினால் கருவி தயார். ஜான் வைஸ் என்பவர் 2005-இல் சொன்ன வழி இது. அடிவரை கிளறிச் சமன்செய்து, டேம்பரால் (தூளை அமுக்கும் கட்டை) நேராக ஒரு அழுத்து. எவ்வளவு பலம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், சாயாமல் இருந்தால் போதும்.

டயலைப் பழக்குதல்

இதுதான் உண்மையான வேலை. 18 கிராம் தூளுக்குக் கப்பில் 36 கிராம், 25 முதல் 30 நொடி. இந்த இலக்கை வைத்துக்கொண்டு டயலை மட்டும் மாற்றுங்கள். எடையையும் டயலையும் ஒரே நாளில் தொட்டால் எது எதைச் செய்தது என்று கடைசிவரை தெரியாது.

15 நொடியில் 36 கிராம் வந்துவிட்டதா? மூன்று நான்கு கிளிக் நுணுக்குங்கள். 22 நொடியா? ஒரு கிளிக். 45 நொடி தாண்டியும் தயங்கித் தயங்கிச் சொட்டுகிறதா? கரகரப்புப் பக்கமாகப் பின்னால் போங்கள். நுணுக்கும்போது பல்லிடையில் கொட்டை இருந்தால் டயல் இறுகும், காலியாக்கிவிட்டுத் திருப்புங்கள்.

நேரம் பொருந்தியபின் தராசை நம்புவதை விட்டு நாக்கைக் கேளுங்கள். பல் கூசும் புளிப்பு என்றால் இன்னும் ஒரு கிளிக் நுணுக்கலாம். தொண்டையில் நிற்கும் கசப்பும் துவர்ப்பும் என்றால் ஒரு கிளிக் கரகரப்பு. புளிப்பும் கசப்பும் சேர்ந்தே வருகிறதென்றால் டயலைத் தொடாதீர்கள். தண்ணீர் ஓரிடத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடியிருக்கும், ஊசி வேலையைத்தான் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

பாக்கெட் பழசாகப் பழசாக ஷாட் வேகமெடுக்கும். ஒன்றிரண்டு கிளிக் நுணுக்கிக்கொண்டே போவது இயல்பு. புதுக் கொட்டை வந்தால், கரும் வறுவலுக்குச் சில கிளிக் கரகரப்பாகவும், இளம் வறுவலுக்கு நுணுக்கமாகவும் தொடங்குங்கள்.

சுத்தம்

தண்ணீர் காட்டக் கூடாது. பல் எஃகுதான், ஆனாலும் திருவொற்றியூரில் ஜன்னல் கம்பி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாரம் ஒருமுறை பிரஷ், மாதம் ஒருமுறை பிரித்து உலர்ந்த துணி. திரும்பப் பூட்டியதும் பூஜ்யத்தைச் சரிபாருங்கள். இட்லிப் பானையின் ஆவி படும் அலமாரியில் வைக்காதீர்கள். அரிசி போட்டு அரைத்துச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரிசி கொட்டையைவிடக் கடினம். “சின்ன மிஷின்தானே, கொஞ்சம் மிளகு அரைச்சுக் குடுப்பா” என்று அம்மா கேட்பார். அம்மிக்குப் போய்விடுங்கள். மிளகு வாசம் எளிதில் போகாது.

வீட்டில் ஐந்து பேர் இருந்தால்

பில்டருக்கும் எஸ்பிரெஸோவுக்கும் ஒரே கிரைண்டரை வைத்து டயலை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மற்றவர்களின் பில்டருக்குக் கடைத்தூளே இருக்கட்டும். உங்கள் ஒரு ஷாட்டை அப்படியே குடியுங்கள், அல்லது ஆவின் பச்சை பாக்கெட் பாலைக் காய்ச்சி ஊற்றிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து இரண்டு ஷாட் அரைக்கலாம், மூன்றாவதில் தோள் முனகும். நான்காவது விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே பில்டரை எடுத்து வைத்துவிடுங்கள்.